பத்தாவது கேள்வி

பூங்கோதைக்கு நீளம் ஆகாது. தன் கல்யாணப் பத்திரிகையிலேயே உறவினர் பட்டியலைப் பாதியாக வெட்டித்தான் அச்சகத்துக்கு அனுப்பினாள். அதில் பெயர் விடுபட்ட சித்தப்பா ஒருவர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. திட்டக்குடியை அடுத்த மங்களூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பதினோரு வருடம் சுகாதார நர்ஸாக இருந்தவள். ஒரு நர்ஸ், ஐயாயிரம் ஜனம், பதினேழு ரிஜிஸ்டர். இதைச் சுமந்தவளுக்கு எதைப் பார்த்தாலும் சுருக்கத்தான் தோன்றும். முழங்கால் தேய்ந்துபோனதும் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, சொந்த ஊரான விருத்தாசலத்திலேயே ஒரு தனியார் நர்சிங் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தாள்.

2015-ல் பள்ளி முதல்வர் ஆன் மேரி அவளைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார்.

"நம்ம கையில இருக்கற புத்தகம் எல்லாம் நூறு படுக்கை ஆஸ்பத்திரிக்கு எழுதினது, பூங்கோதை. நம்ம பொண்ணுங்க போய் உக்காரப் போறது ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு இருக்கற துணை சுகாதார நிலையத்துல. அங்க வர்றவங்கள எப்படிப் பாக்கணும், என்ன கேக்கணும்னு நம்ம பள்ளிக்கூடத்துக்குன்னே ஒரு பாடம் எழுதுங்க. உங்களவிட அது தெரிஞ்சவங்க இங்க யாரு இருக்கா?"

அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேறெதையும் செய்ததில்லை. வகுப்பறைச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். ஒரு மாணவியை நோயாளியாகவும் ஒருத்தியை நர்ஸாகவும் உட்கார வைத்து, வழக்கமான இருபத்து நான்கு கேள்விகளையும் கேட்க வைத்தாள். பத்தொன்பது நிமிடம் ஆயிற்று. பத்தொன்பது நிமிடத்துக்கு ஒருவர் என்றால், ஐந்தாவது ஆளின் முறை வருவதற்குள் ஆறாவது ஆள் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார். போனவர் திரும்ப வர ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்தில் சர்க்கரைப் புண் அழுகிப்போனவர்களை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதனால் வெட்டினாள். இருபத்து நான்கு பதினைந்தாயிற்று, பதினைந்து பத்தாயிற்று.

பத்தாவதாக நின்றது 'என்ன வேலை செய்கிறீர்கள்?' என்ற கேள்வி. அதைப் பார்த்து அவள் கொஞ்சம் சிரித்தாள். பதினோரு வருடத்தில் அதற்கு அவளுக்குக் கிடைத்த பதில் ஒன்றே ஒன்றுதான்: கூலி. களை எடுப்பவளும் கூலி, செங்கல் சுமப்பவனும் கூலி. விருத்தாசலத்தில் கேட்கவே வேண்டாம். சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தலைமுடியும் புருவமும் வெளுத்துச் சைக்கிளில் போகிறவன் பீங்கான் கம்பெனியிலிருந்து வருகிறான் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். வெளியூர்க்காரி கேட்பாள். உள்ளூர்க்காரி எதற்குக் கேட்கப் போகிறாள்? அவள் அந்தக் கேள்வியையும் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினாள்: 'தொழில் என்ற கட்டத்தில் கூலி என்று எழுதிக்கொண்டு மேலே போகவும். நேரம் மிச்சமாகும்.'

ஒன்பது கேள்வி, ஏழு நிமிடம். சோம்பலில் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். வெயிலில் காத்திருக்கும் ஜனங்களின் மேல் இருந்த பாசத்தில் செய்தாள். அதுதான் வயிற்றெரிச்சல்.

கையேடு நன்றாக எடுபட்டது. திட்டக்குடியிலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் வந்து பிரதி கேட்டு வாங்கிப் போனார்கள். ஆனால் அந்தப் புத்தகத்தால் அதிகம் பெருமைப்பட்டவர் அவளுடைய அண்ணன் பழமலைதான். ஒன்பதாம் வகுப்பில் அப்பா இறந்ததும் படிப்பை நிறுத்திவிட்டுப் பீங்கான் கம்பெனிக்குப் போனவர். வெள்ளைக்கல்லை அரைத்த மாவு மூட்டை மூட்டையாக வரும். அதைப் பிரித்து மண் கலக்கும் மில்லில் கொட்டுவது அவர் வேலை. மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வார், அவ்வளவுதான் பாதுகாப்பு. தங்கையை நர்ஸுக்குப் படிக்க வைத்தது அந்த வேலைதான். கையேட்டுக்குக் காக்கி அட்டை போட்டு டீக்கடைக்கு எடுத்துப் போவார்.

"இது எந்தங்கச்சி போட்ட புக்கு. இதப் படிச்சாத்தான் நர்சு. தெரிஞ்சிக்க" என்பார். டீக்கடைக்காரருக்கு இதை எத்தனை முறை தெரிந்துகொள்வது என்றாகிவிட்டது.

2018 கார்த்திகையில் பழமலைக்கு இருமல் வந்தது. மூன்று வாரமாகியும் நிற்கவில்லை. பூங்கோதைதான் அதட்டி, அவர் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த துணை சுகாதார நிலையத்துக்கு அனுப்பினாள். அங்கே நர்ஸாக இருந்தவள் பூர்ணிமா, அவளிடம் படித்த முதல் அணியில் முதலாவதாக வந்தவள். "எம்புள்ள மாதிரி அவ. போயிட்டு வாண்ணா" என்று சொல்லியனுப்பினாள்.

பூர்ணிமா ஒன்பது கேள்வியையும் வரிசை மாறாமல் கேட்டாள். ஏழு நிமிடத்தில் முடித்தாள். சளியை எடுத்து அனுப்பினாள், எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதினாள். சளியில் கிருமி இல்லை, படத்தில் நிழல் இருந்தது. சீட்டைப் பார்த்த டாக்டர் காசநோய் என்று ஆறு மாத மாத்திரை எழுதினார். பூர்ணிமா தவறாமல் வீட்டுக்கு வந்து, கண் முன்னால் விழுங்க வைத்துவிட்டுத்தான் போவாள். விழுங்கிவிட்டு அவர் வேலைக்குப் போவார். ஆறு மாதத்தில் ஒரு கிலோ எடை கூடியபோது அவர் மனைவி அமிர்தம் பூர்ணிமாவுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாள்.

2021-ல் இருமல் திரும்பியது. மறுபடியும் அதே கேள்வி, அதே படம், அதே மாத்திரை. இந்த முறை ஒருநாள் மாத்திரையை மறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் பூங்கோதை நேரில் போய்ச் சத்தம் போட்டாள். "நீயே இப்பிடிப் பண்ணா நான் ஊருக்கு எப்பிடிண்ணா பாடம் சொல்றது?" என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, மறுநாள் முதல் ஒழுங்காக விழுங்கினார். மில் வேலையையும் ஒழுங்காகப் பார்த்தார். ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

2023 ஆடியில் மாடிப்படி நாலு ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டார். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பூங்கோதை அழைத்துப் போனாள். அங்கே இருந்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. படத்தை வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு பழமலையைப் பார்த்து முதல் கேள்வியாக அதைக் கேட்டார்.

"ஐயா, என்ன வேலை பாக்கறீங்க?"

"பீங்கான் கம்பெனிங்க. வெள்ளக்கல்லு மாவு கொட்றது."

"எத்தனை வருஷமா?"

"ஆச்சுங்க, முப்பத்தஞ்சு வருஷம்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். கல் தூசி நெஞ்சில் படிந்து இறுகிப்போயிருக்கிறது என்றார். இதற்கு மருந்து கிடையாது, விழுங்கிய மாத்திரைகள் வேறு நோய்க்கானவை என்றார். ஐந்து வருடத்துக்கு முன்பு, முதல் இருமலிலேயே தூசியை விட்டு வெளியே வந்திருந்தால் இவ்வளவு வேகமாக முற்றியிருக்காது என்பதையும் சொன்னார். "மொதல்ல காட்டின இடத்துல வேலையப் பத்திக் கேக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே பழைய அட்டையைத் திருப்பினார்.

பூங்கோதைக்கு அட்டையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இருந்தும் பார்த்தாள். தொழில் என்ற கட்டத்தில் பூர்ணிமாவின் மணிமணியான கையெழுத்தில் 'கூலி' என்று இருந்தது. ஓடிவந்த பஸ் மார்பில் மோதியது போல் இருந்தது அவளுக்கு. 

திரும்பி வரும் பஸ் நெய்வேலியைத் தாண்டியது. பழமலை சொன்னார்.

"அந்தப் பொண்ணு ஒரு வார்த்த கேக்கலையே பாப்பா. தெனமும் வந்தாளே. என்னா வேல செய்யறன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. நானு மறைக்கிற ஆளா? நீ எம்மா நல்லா புக்கு போட்டுக் குடுத்த. அதப் படிச்சிட்டு வந்தும் அரகொறையா வேல பாத்துருக்கறா."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் இருந்தது. 'கேக்க வேணாம்னு எழுதினதே நான்தாண்ணா' என்று நாலு சொல். எதையும் சுருக்கத் தெரிந்தவளுக்கு அந்த நாலு சொல் வரவில்லை. "தூங்குண்ணா, ஊரு வந்ததும் எழுப்பறேன்" என்றாள்.

மறுவாரம் பூர்ணிமா நலம் விசாரிக்க வந்தபோது பழமலை அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "இன்னா பாக்க வந்த? செத்தனா இல்லையான்னா?" என்று கேட்டார். அந்தச் சத்தத்துக்கு அவருக்கு மூச்சு முட்டி, அமிர்தம் முதுகைத் தேய்த்துவிட வேண்டியதாயிற்று. தெருவே பார்த்தது. பூர்ணிமா வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

"மேடம், ஐயா என்னத் திட்டிட்டாங்க. திட்டட்டும். எங்கப்பா மாதிரிதான்" என்றவள் கொஞ்சம் நிறுத்தி, கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "புக்குல இருந்தத நான் அவருகிட்ட சொல்லல மேடம். சொல்லவும் மாட்டேன்."

பூங்கோதை அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதது உண்மை. ஆனால் 'நானே போய்ச் சொல்கிறேன்' என்று அப்போதும் சொல்லவில்லை. இருபத்தாறு வயதுப் பெண் தன் பழியைச் சுமந்துகொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லவர்கள் கோழையாகும்போதுதான் பார்க்கச் சகிக்காது.

சொல்லாததை எழுதியாவது தீர்க்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ, கையேட்டைத் திருத்த உட்கார்ந்தாள். வேலையைப் பற்றிய கேள்வியை முதல் கேள்வியாக வைத்தாள். அதன் கீழே இன்னும் மூன்று: அந்த வேலையில் மூச்சில் என்ன போகிறது, கையில் என்ன படுகிறது, எத்தனை வருடமாக. 'கூலி என்று பதில் வந்தால் விடாதே. என்ன கூலி என்று கேள்' என்று தடித்த எழுத்தில் போட்டாள். ஆன் மேரி படித்துப் பார்த்தார்.

"பதினோரு நிமிஷம் ஆகுமே பூங்கோதை?"

"ஆகட்டும் மேடம். ரெண்டு பேரு பஸ்ஸ வுடட்டும்."

ஆன் மேரிக்கு விஷயம் தெரியும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "ரொம்ப மனச வருத்திக்காதீங்க. கேட்டிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்? வேலைய விடுங்கன்னா விட்டிருப்பாரா? வயித்துப் பாடு. இந்த ஊர்ல யாரு விட்டிருக்காங்க?"

அந்தச் சொல்லைப் பூங்கோதை கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆமாம், விட்டிருக்க மாட்டார். யார் சொன்னாலும் விட்டிருக்க மாட்டார். குளிக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டாள். அதைச் சொல்லிக்கொண்டால் கொஞ்ச நேரம் தூக்கம் வந்தது.

புதிய பாடத்தில் இன்னொன்றும் சேர்த்திருந்தாள். மாணவியையே நோயாளியாக உட்கார வைத்து நடிக்கும் பழைய வழக்கம் வேண்டாம், நிஜமான நோயாளி வகுப்புக்கு வந்து உட்கார வேண்டும், மாணவிகள் அவரைக் கேட்டுப் பழக வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தபோது பழமலையே கேட்டுக்கொண்டார். "ஒம் புக்குக்குத்தான, நான் வரேன்" என்றார். அவர் உயிருக்கு டாக்டர் சொன்ன கெடு ஒரு வருடம். அதில் ஆறு மாதம் போயிருந்தது.

2024 மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அவருக்காக வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அமிர்தம் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை அவருக்கு இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. ஆட்டோவிலிருந்து நாற்காலிவரை வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றார். முப்பத்திரண்டு மாணவிகள் எழுந்து நின்றார்கள். களப்பயிற்சிக்குப் பொறுப்பான நர்ஸ் என்ற முறையில் பூர்ணிமாவும் வந்து கடைசி பெஞ்சின் ஓரத்தில் இருந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி வந்து எதிரில் உட்கார்ந்து, "ஐயா, நீங்க என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டாள்.

அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பூங்கோதை பார்த்தாள். பார்க்க முடியவில்லை. அவர் விஸ்தாரமாகச் சொன்னார். மூட்டையை எப்படிப் பிரிப்பது, கொட்டும்போது எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வது, எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு மாவு எழும்புவது, இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை மூச்சுக்கு நின்று எல்லாவற்றையும் சொன்னார். வகுப்பு எழுதிக்கொண்டது. முடிவில் விரலை நீட்டினார்.

"இதே கேள்விய அன்னிக்கு அந்தப் பொண்ணு கேட்டிருக்கணும். தோ, கடைசில குந்திருக்குதே, அதுதான். கேக்காமலே எழுதிட்டா. நீங்க யாரும் அவள மாதிரி வந்துடாதீங்க தாயி."

முப்பத்திரண்டு தலையும் திரும்பின. பூர்ணிமா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது. 

பூங்கோதை எழுந்தாள். அலமாரியிலிருந்து பழைய கையேட்டை எடுத்து, பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்து, வகுப்புக்குச் சத்தமாகப் படித்தாள்: "தொழில் என்ற கட்டத்தில் கூலி என்று எழுதிக்கொண்டு மேலே போகவும். நேரம் மிச்சமாகும்." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணு தப்பு பண்ணலண்ணா. நான் சொல்லிக் குடுத்தத செஞ்சா. கேக்க வேணாம்னு எழுதினது நான்தான். ஏழு மாசமா ஒங்கிட்ட மறைச்சிட்டேன்."

 பழமலை கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். அந்த வரியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பூர்ணிமாவைக் கிட்டே வரச்சொல்லி, இரண்டு கையையும் கூப்பினார். "ஆளு தெரியாம பேசிட்டேன் தாயி. மனசுல வச்சிக்காத." பூர்ணிமா அந்தக் கைகளைப் பிடித்துப் பிரித்துவிட்டு அழ ஆரம்பித்தாள். தங்கையிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "நேரமாவுது. வூட்டுக்குப் போவலாம்."

ஆட்டோவில் இருவர் மட்டும். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டினால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு. ஜங்ஷன் ரோடு திரும்பும்போது பொறுக்க முடியாமல் சொன்னாள்.

"எல்லாரும் சொல்றாங்கண்ணா. அன்னிக்குக் கேட்டிருந்தாலும், வேலைய வுடச் சொல்லியிருந்தாலும், நீ வுட்டிருக்க மாட்டியாம்."

கேட்கும்போதே அவள் குரல் கெஞ்சியது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடுவாள்.

பழமலை யோசித்தார். இல்லாததைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"அந்தப் பொண்ணு சொல்லியிருந்தா வுட்டிருக்க மாட்டேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "டாக்டரு சொல்லியிருந்தாலும் வுட்டிருக்க மாட்டேன். குடிய வுடுன்னு அம்மா எட்டு வருஷம் கத்துச்சே, வுட்டனா? நீ ஒருநாளு சொன்ன. மறுநாளுலேருந்து தொட்டனா?" மறுபடியும் மூச்சுக்கு நிறுத்தினார். ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்வரை காத்திருந்தார். "நீ கேட்டிருந்தா அன்னிக்கே வுட்டிருப்பேன் பாப்பா."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். பூங்கோதை அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வழக்கமாகத் திருப்பிப் பிடிப்பது போல் அன்றைக்குப் பிடிக்கவும் இல்லை.